எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை!

‘பூஸ்டர்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. காதில் விழுந்ததும் கிரிக்கெட் வீரர்கள் விளம்பரத்தில் குடித்த மால்ட் பானம்தான் ஞாபகம் வரும். குடித்தால் தெம்பு. தினமும் குடித்தால் தினமும் தெம்பு. நிறுத்தினால் தெம்பு போச்சு!

டாக்டர்கள் இந்தச் சொல்லை எத்தனையோ வருஷமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். குழந்தைக்கு ஒன்றரை வயதில் போடுகிறோமே முத்தடுப்பு ஊசி, அதுவும் பூஸ்டர்தான். அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. 2021-ல் கொரோனாவோடு கைகோத்துக்கொண்டு அந்தச் சொல் வீட்டுக் கூடத்துக்கு வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

பிரதமருக்கே அந்தச் சொல்லில் ஏதோ தயக்கம் இருந்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் 25-ம் தேதி இரவு டி.வி.யில் தோன்றி மூன்றாவது ஊசியை அறிவித்தபோது, பூஸ்டர் என்று சொல்லவில்லை. ‘பிரிகாஷன் டோஸ்’ என்றார். அதாவது, முன்னெச்சரிக்கை ஊசி. சரி, இதோடு முடிந்ததா, நாலாவது உண்டா, வருஷா வருஷம் உண்டா? அதெல்லாம் நமக்குச் சொல்லப்படவில்லை.

சொல்லாததன் பலனை 2025 மே, ஜூனில் பார்த்தோம். நாட்டில் கொரோனா சிகிச்சையில் இருப்பவர்களின் எண்ணிக்கை மறுபடி 7,000-ஐத் தாண்டியது. உடனே பழைய கேள்வி தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்தது. ‘சார், இன்னொரு ஊசி போட்டுக்கணுமா?’ டீக்கடையிலும் சரி, டி.வி. விவாதத்திலும் சரி, இதற்கு இரண்டே பதில்கள்தான் இருந்தன. ஒன்று, ‘எல்லாரும் போட்டுக்கணும்.’ இன்னொன்று, ‘முதல்ல போட்டதே தப்பு.’

இரண்டுமே அபத்தம். இரண்டாவது அபத்தம் வளர்ந்ததற்கு முதல் அபத்தமும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

* * *

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன்.

ஊசி போட்டதும் நம் ரத்தத்தில் ‘ஆன்டிபாடி’ என்ற எதிர்ப்பொருள் எக்கச்சக்கமாக உற்பத்தியாகிறது. அதைக் கையிருப்பு ரொக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமி வாசலுக்கு வந்தாலே அங்கேயே மறித்து அனுப்பிவிடும். ஆனால், ரொக்கம் கரையும். சில மாதங்களில் கணிசமாகக் குறைந்துவிடும். இது கோளாறு அல்ல, உடம்பின் இயல்பு. ஒவ்வொரு வியாதிக்கும் வாழ்நாள் முழுக்க ரொக்கம் வைத்துக்கொண்டிருந்தால் ரத்தம் கூழாகிவிடும்.

ரொக்கம் போனாலும் ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்று இருக்கிறது. நினைவுச் செல்கள், டி செல்கள் என்று சொல்கிறார்களே, அவைதான். கிருமி உள்ளே நுழைந்து வேலையைக் காட்ட ஆரம்பித்த பிறகு இவை விழித்துக்கொண்டு படை திரட்டும். ஜலதோஷம், காய்ச்சல் வருவதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால், ஆக்ஸிஜன் சிலிண்டரையும் ஐ.சி.யூ.வையும் பெரும்பாலும் தவிர்த்துவிடும். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரரிடம் இந்த டெபாசிட் கெட்டியாக இருக்கும். எழுபது வயதுக்காரரிடம், டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரிடம், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரிடம் அது ஆரம்பத்திலிருந்தே சிறியது. அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

‘ஆன்டிபாடி குறைந்துவிட்டது, ஆபத்து!’ என்று 2021 கடைசியில் தலைப்புச் செய்திகள் வந்தன அல்லவா? கடையில் கல்லாப்பெட்டி காலி என்பதைப் பார்த்துவிட்டு முதலாளி திவால் என்று எழுதுவது மாதிரிதான் அது. பேங்க் பாஸ்புக்கை யாரும் பார்க்கவில்லை.

* * *

இஸ்ரேல் கணக்கைப் பாருங்கள். 2021 ஜூலைக் கடைசியில், உலகமே யோசித்துக்கொண்டிருந்தபோது, 60 தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஊசியை ஆரம்பித்த தேசம் அது. பலன் பிரமாதம். இரண்டோடு நிறுத்திய முதியவர்களைவிட, மூன்று போட்ட முதியவர்களுக்குத் தீவிர நோய் சுமார் 20 மடங்கு குறைவாக வந்தது.

உற்சாகமாகி 2022 ஜனவரியில் நாலாவதையும் போட்டார்கள். இங்கேதான் கதை மாறுகிறது. மூன்று போட்டவர்களோடு ஒப்பிட்டால், நாலாவது ஊசி தொற்றைத் தடுத்தது உண்மை. நாலாவது வாரத்தில் தொற்று பாதியாகத் தெரிந்தது. எட்டாவது வாரத்தில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. தீவிர நோயிலிருந்து கிடைத்த கூடுதல் பாதுகாப்பு, ஆய்வு நடந்த வாரங்களில் குறையவில்லை. இதுவும் 60 தாண்டியவர்களின் கணக்குதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? முதியவரின் உயிரைக் காக்க வேண்டுமென்றால் இன்னொரு ஊசிக்கு அர்த்தம் இருக்கிறது. ஊரில் ஒருத்தருக்கும் தொற்றே வரக் கூடாது என்று ஆசைப்பட்டால், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாருடைய தோளிலும் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். எந்த தேசத்தால் முடியும்? எந்தத் தோள் தாங்கும்?

‘எதற்காக’ என்ற கேள்வியைக் கேட்டாலே ‘யாருக்கு’ என்ற பதில் தானாக வந்துவிடுகிறது. இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் உலகம் குழப்பிக்கொண்டது?

* * *

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

2021 ஆகஸ்ட் 18. செப்டம்பர் 20 முதல் பெரியவர்கள் எல்லாருக்கும் பூஸ்டர் என்று பைடன் அரசு தேதி குறித்து அறிவிக்கிறது. அங்கே மருந்துகளைப் பரிசீலித்து அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. இன்னும் முடிவே சொல்லவில்லை! பரீட்சை எழுதுவதற்கு முன்பே ரிசல்ட் வந்த மாதிரி.

அந்த மாதம் முடிவதற்குள், எஃப்.டி.ஏ.யின் தடுப்பூசிப் பிரிவுத் தலைவர் மரியன் க்ரூபரும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிலிப் க்ராஸும் பதவியிலிருந்து விலகப்போவதாகச் செய்தி வந்தது. செப்டம்பர் 13 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழில் இருவரும் மற்ற நிபுணர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொதுமக்கள் அனைவருக்கும் பூஸ்டர் போட இப்போதைய ஆதாரம் போதாது என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டவர்களில் நம் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சௌம்யா சுவாமிநாதனும் ஒருவர். அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி அவர்.

செப்டம்பர் 17. எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு கூடுகிறது. 16 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பூஸ்டர் வேண்டுமா? வேண்டாம் என்று 16 பேர். வேண்டும் என்று 2 பேர். சரி, 65 தாண்டியவர்களுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் வேண்டுமா? 18 பேரும் ஒரே குரலில், வேண்டும்!

இதைவிடத் தெளிவாக ஒரு குழு பேச முடியுமா? ஆனால், அடுத்த இரண்டே மாதத்தில், நவம்பர் 19 அன்று, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் என்று கதவு திறந்துவிடப்பட்டது. பல பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், பூஸ்டர் போட்டால்தான் வகுப்புக்குள் வரலாம் என்றன. அதுவும் யாரிடம்? எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசியால் அபூர்வமாக இதயத்தசை வீக்கம் வருவது இளம் ஆண்களிடம்தான் அதிகம் என்று ஏற்கெனவே தெரிந்த பிறகு, அந்த இளைஞர்களிடமே! ஸ்வீடனும் பின்லாந்தும் 2021 அக்டோபரிலேயே இளம் வயதினருக்கு மாடர்னா ஊசியை நிறுத்திவைத்திருந்தன. பயந்து ஓடவில்லை. யாருக்கு எது என்று பிரித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

‘இப்படிக் கேள்வி கேட்கிறவங்க எல்லாம் தடுப்பூசி எதிரிங்க’ என்று ஒரு கூட்டம் சொல்லும். பால் ஆஃபிட் என்று ஒரு டாக்டர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஒன்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். தடுப்பூசி எதிர்ப்பாளர்களோடு பல வருஷங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர். ஆரோக்கியமான இளைஞர்களுக்குத் திரும்பத் திரும்ப பூஸ்டர் போடும் கொள்கையைக் கேள்வி கேட்டு 2023 ஜனவரியில் மருத்துவ இதழில் எழுதினார். அவரும் எதிரியா?

* * *

கல்யாணப் பந்தியில் சிலருக்கு மூன்றாவது கரண்டி பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நிற்கிறவர்களுக்கு இலையே போடவில்லை என்றால் என்ன சொல்வோம்? அதைத்தான் 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னார். ஆகஸ்டிலேயே, பூஸ்டரைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள், ஏழை நாடுகளுக்கு முதல் ஊசி போகட்டும் என்று கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நவம்பரில் அவரே ஒரு கணக்கு சொன்னார். ஏழை நாடுகளில் ஒரு நாளைக்குப் போடப்படும் ஆரம்ப ஊசிகளைப்போல ஆறு மடங்கு, உலகில் அன்றாடம் பூஸ்டராகப் போடப்படுகிறதாம். இது அவமானம் என்றார். அதே நவம்பரில்தான் தென் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரானைக் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்தார்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஃபைசர் நிறுவனத்துக்குக் கொரோனா தடுப்பூசி விற்பனையில் 2021-ல் வந்த வருமானம் சுமார் 3,680 கோடி டாலர். 2022-ல் சுமார் 3,780 கோடி டாலர். 2023-ல் அது 1,120 கோடியாகச் சரிந்தது. அமெரிக்க அரசுக்கு ஆரம்பத்தில் ஒரு டோஸ் 19.50 டாலருக்குக் கொடுத்தவர்கள், வெளிச் சந்தைக்கு வரும்போது 110 முதல் 130 டாலர் வரை விலை வைக்கப்போவதாக 2022 அக்டோபரில் சொன்னார்கள்.

லாபம் சம்பாதித்ததாலேயே மருந்து பொய்யாகிவிடாது. அந்த ஊசி லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வியாபாரி லாபம் பார்க்கத்தான் கடை திறக்கிறார். ஆனால், ‘இன்னும் எத்தனை வேண்டும்?’ என்ற கேள்விக்கு வியாபாரியிடம் பதில் கேட்கக் கூடாது. எந்த ஜவுளிக்கடைக்காரர் ‘உங்களிடம் போதுமான வேட்டி இருக்கிறது, போய் வாருங்கள்’ என்று சொல்வார்?

* * *

நம் கதைக்கு வருகிறேன். இங்கே பேராசையைவிடப் பெரிய சிக்கல் அசட்டை.

2022 ஜனவரி 10-ல் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 தாண்டியவர்கள் ஆகியோருக்கு மூன்றாவது ஊசி தொடங்கியது. நல்ல தொடக்கம். மார்ச்சில் இணைநோய் நிபந்தனையும் போனது. ஏப்ரல் 10-ல் 18 வயது தாண்டிய எல்லாருக்கும், ஆனால் தனியார் மருத்துவமனையில், காசு கொடுத்து.

முதல் நாள் வரை தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் விலை சொன்ன கோவிஷீல்டும், 1,200 ரூபாய் விலை சொன்ன கோவாக்சினும், ஏப்ரல் 9-ம் தேதி ஒரே நாளில் 225 ரூபாய்க்கு இறங்கின. 1,200 ரூபாய்ச் சரக்கை ராத்திரியோடு ராத்திரியாக 225-க்குத் தர முடிகிறது என்றால், முந்தின வருஷம் கடன் வாங்கி அந்த விலைக்கு ஊசி போட்டுக்கொண்டவன் என்ன நினைப்பான்? காஸ்ட் அக்கவுன்ட்டிங் படித்த யாராவது எனக்கு விளக்கினால் புண்ணியம்.

விலை இறங்கியும் கூட்டம் வரவில்லை. 2022 ஜூலை நடுவில் அரசு வட்டாரங்களே சொன்ன கணக்கு: 18 முதல் 59 வயது வரை தகுதியுள்ள 77 கோடிப் பேரில் மூன்றாவது ஊசி போட்டவர்கள் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. அது எனக்குப் பெரிய கவலை இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் இரண்டு ஊசியும் போட்டு, ஒமைக்ரானிலும் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தவர்கள். கவலை இன்னொரு கணக்கில் இருக்கிறது. ஊசி இலவசமாகவே கிடைத்த முதியவர்கள், சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள் என்று சுமார் 16 கோடிப் பேர். ஆறு மாதம் கழித்து அவர்களில் போட்டவர்கள் சுமார் 26 சதவிகிதம். நாலில் மூன்று பேர் போடவில்லை!

உண்மையில் தேவைப்பட்ட கூட்டம் அதுதான். வீடு வீடாகக் கதவு தட்டும் இயக்கம் ஜூன், ஜூலைக்கென்று அறிவிக்கப்பட்டிருந்தது. அது முடிவதற்கு முன்பே அரசு என்ன செய்தது தெரியுமா? ஜூலை 15 முதல் 75 நாளைக்கு 18 வயது தாண்டிய எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தது. அது என்ன 75? கிருமியின் கணக்கா, ஆன்டிபாடியின் கணக்கா? சுதந்திரத்துக்கு 75 வயது ஆனதன் கணக்கு! திருவிழாவுக்குத் தேதி குறிக்கிற மாதிரி நோய்த்தடுப்புக்குத் தேதி குறித்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘எல்லாரும் வாங்க’ என்று ஒலிபெருக்கியில் அழைத்தால் முதலில் வருபவர்கள் பைக் வைத்திருப்பவர்கள். மூட்டுவலிக்காரப் பாட்டி வரமாட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மகன் லீவு போட வேண்டிய தாத்தா வரமாட்டார். ‘உங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்’ என்று தனியாக, அழுத்தமாக, திரும்பத் திரும்பச் சொன்னால்தான் அந்த வீட்டில் அசைவு வரும். எல்லாருக்கும் என்று சொன்ன விஷயம், யாருக்கும் அவசரமில்லாத விஷயமாக ஆகிப்போகிறது.

கடைசியில் என்ன நடந்தது? 2021 டிசம்பரிலேயே கோவிஷீல்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டதாகவும், சுமார் 10 கோடி டோஸ்கள் காலாவதியாகிவிட்டதாகவும் சீரம் நிறுவனத்தின் அடார் பூனாவாலா 2022 அக்டோபரில் சொன்னார். மக்களுக்கு பூஸ்டரில் ஆர்வம் போய்விட்டது என்றார். ஒரு பக்கம் கிடங்கில் 10 கோடி ஊசி குப்பை. இன்னொரு பக்கம் ஊசி போடாத நாலில் மூன்று பெரியவர்கள். இதை நஷ்டக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

முதியவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 2022 ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே கொரோனாவில் இறந்தவர்களில் 96 சதவிகிதம் பேர் 60 தாண்டியவர்கள். அந்த முதியவர்களில் 70 சதவிகிதம் பேர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள். பணக்கார ஊர், ஊசி கையிருப்பில் இருந்த ஊர். பாட்டி, தாத்தாவிடம் போய்ச் சேரவில்லை.

* * *

மிகையாகச் சொன்னதற்கு இன்னொரு விலையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நம்பிக்கை.

2024-ல் ஆஸ்ட்ரஜெனகா நிறுவனம், தன் தடுப்பூசியால் (நம் ஊரில் கோவிஷீல்ட்) மிக அபூர்வமாக ரத்தம் உறையும் பாதிப்பு வரலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, நம் வாட்ஸ்அப் குரூப்புகள் கொதித்தன. இது 2021-லேயே தெரிந்த விஷயம். அதனால்தான் பிரிட்டன் அந்த வருஷமே 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. நம்மிடம் அன்றைக்கே யாரும் உரக்கச் சொல்லவில்லை. மறைத்துவைத்த சின்ன உண்மை, பின்னால் பெரிய பொய்க்கு உரமாகிவிடுகிறது.

2025 ஜூலையில் கர்நாடக முதல்வர் சித்தராமையாவே, ஹாசன் மாவட்டத்தில் நடந்த மாரடைப்பு மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆதாரம் எங்கே? நம் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், நாடு முழுக்க 47 மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்திருந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தை அதிகப்படுத்தவில்லை என்பதுதான் முடிவு. அந்த முடிவு எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? வதந்திக்குக் கால் முளைத்த வேகத்தில் கால்வாசிகூட உண்மைக்கு முளைக்கவில்லை.

அமெரிக்காவில் இது இன்னும் முற்றிவிட்டது. 2025 ஜூனில் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார். 2000-ல் ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்ட தட்டம்மை, 2025-ல் 1992-க்குப் பிந்தைய உச்சத்துக்குப் போனது. குழந்தைகள் செத்தார்கள். எல்லாப் பழியும் பூஸ்டர் மேல்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், ‘கேள்வி கேட்காதே, கையை நீட்டு’ என்று அதிகாரிகள் பேசிய ஒவ்வொரு நாளும், ‘எந்த ஊசியும் வேண்டாம்’ என்று சொல்கிறவருக்கு ஒரு ஓட்டு விழுந்தது.

2022 மே 2-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, அதே சமயம் அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தப்பில்லை, பக்கவிளைவுகள் பற்றிய புகார்களும் அறிக்கைகளும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்றது. மூன்றையும் ஒரே தீர்ப்பில் சொல்ல முடிகிறது பாருங்கள். தடுப்பூசியை ஆதரித்துக்கொண்டே கணக்கு கேட்க முடியும். இரண்டும் எதிரெதிர் முகாம் இல்லை.

* * *

‘சரி, முடிவா என்னதான் சொல்ற?’

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. முதியவர்கள், தீவிர இணைநோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், முன்களச் சுகாதாரப் பணியாளர்கள் முதல் வரிசை. இவர்களுக்கு மேலும் ஊசி தேவைப்படும். ஆரோக்கியமான நடுவயதுக்காரர்களுக்கு முதல் பூஸ்டருக்கு மேல் வழக்கமாகப் போடப் பரிந்துரை இல்லை. ஆரோக்கியமான குழந்தைகள் கடைசி வரிசை. பிரிட்டன் 2025 இலையுதிர் காலத்தில் 75 தாண்டியவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் என்று சுருக்கிக்கொண்டது. உலகம் 16-க்கு 2 ஓட்டுப் போட்ட அந்தக் குழுவின் பக்கமே மெள்ள மெள்ளத் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த அலை வரும். வரும்போது நம் அரசு செய்ய வேண்டியது மூன்றே மூன்று. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று வயதையும் நோயையும் குறிப்பிட்டு வெளிப்படையாகச் சொல்வது. அந்த முடிவுக்கு வந்த ஆதாரத்தைத் தமிழில், சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி வெளியிடுவது. தேவைப்படுகிறவரின் வீட்டு வாசலுக்கு ஊசியை எடுத்துக்கொண்டு போவது. போலியோ சொட்டு மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தேசம் இது. முடியாது என்று சொல்ல முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மைக் பிடித்து ‘எல்லாரும் போடுங்க’ என்பவரிடமும், வாட்ஸ்அப்பில் ‘யாரும் போடாதீங்க’ என்பவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘என் வீட்டில் எழுபத்தைந்து வயதில் சர்க்கரையோடு ஒருவர் இருக்கிறார். இருபது வயதில் கால்பந்து ஆடுகிற ஒருவன் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே பதிலா?’

‘ஆமாம், ஒரே பதில்தான்’ என்று யார் சொன்னாலும், அந்த ஆள் டாக்டரே ஆனாலும், அமைச்சரே ஆனாலும், நம்பாதீர்கள்.